தெருப் பெயர் கேட்ட விதி

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் என்னைப் பற்றி முன்பே சொல்லியிருப்பார்கள். முன்கோபக்காரர், டீயில் சர்க்கரை கூடினால்கூடச் சண்டைக்குப் போவார் என்று. உண்மைதான். ஓய்வு பெற்ற பிறகும் ஆபீசில் வந்து உட்கார்ந்துகொண்டு புத்திமதி சொல்கிற ஆட்களை எனக்கே பிடிக்காது. அதனால் ஒரே தடவையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். செயலியை எப்படி இயக்குவது என்பதை மற்றவர்கள் சொல்லித் தருவார்கள், அது இரண்டு நாள் வேலை. ஒரு ஆளை வெளியேற்றும் அந்தச் சிவப்புப் பட்டனை எப்போது தொடுவது என்பது மட்டும் ஒன்பது வருடத்தில் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அதைப் பற்றித்தான் இது.

தாமிரபரணித் தண்ணீரில் பயிர் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக நம் நிறுவனம் நடத்துகிற இணையக் குழு இது. பயிரைப் படம் எடுத்துப் போட்டு, இது என்ன நோய் என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். பொய் பரவாமல், யாரும் யாரையும் கேவலப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. எனக்கு விவசாயம் தெரியாது. திருநெல்வேலி டவுணில் தேர் ஓடுகிற வீதிக்கு அடுத்த தெருவில் பிறந்தவன். தாத்தா காலத்தில் நிலம் இருந்தது, அப்பா காலத்தில் விற்றாயிற்று, எனக்கு நெல்லுக்கும் கோரைப் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கு முன் இருபது வருடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தகுதிக்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

சேர்ந்த மாதமே ஒரு கூத்து நடந்தது. வாய்க்கால் தண்ணீர் முறை பற்றிய பேச்சில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். "ஏலே, மடையத் திருடுத கூட்டம்லா நீங்க" என்று ஒருவர் எழுதினார். "பேசாம இரும் வே, பல்லு கொட்டிரும்" என்று மற்றவர். நான் பதறிப்போய் இரண்டு பேரையும் வெளியேற்றிவிட்டேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. பேசியது ஒருவர், பின்னாலிருந்து சிரித்தது மற்றவர். கல்லிடைக்குறிச்சியில் ஒரு டீக்கடையில் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அவ்வளவையும் எழுதியிருக்கிறார்கள்.

"சார், நாங்க மாப்ள மச்சான். எங்களுக்குள்ள எப்பவும் இப்படித்தான் பேசிக்கிடுவோம். எங்கள என்னத்துக்கு வெளிய தள்ளுனீங்க?"

மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்தேன். பட்டனைத் தொடுமுன் ஒரு போன் செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். அதை நானே எவ்வளவு மதித்தேன் என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். இனி வரும் உறுப்பினர்களின் ஊரை எழுதவில்லை, பெயரையும் மாற்றியிருக்கிறேன். யார் என்று தேடிப் பார்க்காதீர்கள்.

குழு பெரிதானதும் பூச்சிமருந்துக் கடைகளின் ஏஜெண்டுகள் விவசாயி வேடத்தில் உள்ளே வந்துவிட்டார்கள். "நான் இதைத்தான் அடிச்சேன், மூணு நாள்ல சரியாப் போச்சு" என்று ஒரு பாட்டில் படத்தைப் போடுவார்கள். அதை நம்பி அடித்த ஒருவரின் பயிர் கருகிப்போனது. அவர் கருகிய நாற்றில் ஒரு கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் இருக்கும் நம் ஆபீசுக்கே வந்து, என் மேசை மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம்தான். பேசாமல் போனதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். ஒவ்வொரு உறுப்பினரும் நான்கு விவரங்களைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பெயர், ஊர், தெரு, எத்தனை ஏக்கர். பொய்யான ஆள் தெருவைச் சொன்னால் அதே ஊர்க்காரர் ஒருவர் வந்து, "அப்படி ஒருத்தரும் அங்கன இல்லையே" என்று காட்டிக்கொடுத்துவிடுவார் என்பது என் கணக்கு. கணக்கு பலிக்கவும் செய்தது. இரண்டே மாதத்தில் ஏஜெண்டுகள் காணாமல் போனார்கள். நிறுவனத்தில் என்னைப் பாராட்டினார்கள். நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் அலைந்தேன்.

இன்னொன்றும் நடந்தது, அது என் கண்ணில் படவில்லை. யாராவது அறிமுகம் எழுதியதும் கீழே நாலு பேர், "அந்தத் தெருவா, சரி சரி" என்று எழுதுவார்கள். எவ்வளவு அன்பாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நம் பக்கத்தில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்றுதானே ஆரம்பிப்போம். என் கல்யாண வயதில் இருந்து நானும் அதே வரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூலிக்குப் போகிறவர் அந்த நாலாவது கேள்விக்கு எத்தனை ஏக்கர் என்று எழுதுவார் என்பதையும் நான் யோசிக்கவில்லை.

இப்போது செல்வி. நம் குழுவில் அவரைப் போலப் பதில் எழுதியவர் யாரும் இல்லை. மற்றவர்கள் படத்தைப் பார்த்ததும் மருந்துப் பெயரைச் சொல்வார்கள். இவர் மருந்துக்கு முன் நாலு கேள்வி கேட்பார். வயலில் எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது? வரப்போரமா, நடுவிலா? ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், வேர் என்ன நிறம்? பதில் வந்த பிறகுதான் தன் யோசனையைச் சொல்வார். சேரன்மகாதேவி பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பழைய உறுப்பினர் என்பதால் விதி வருமுன்பே உள்ளே இருந்தார். விதி வந்ததும் அறிமுகத்தில் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினார். தெரு இல்லை, ஏக்கர் இல்லை.

அதே ஊரில் ஒரு பெரிய விவசாயி இருந்தார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். குழுவுக்கு நிறையப் பேரைக் கொண்டுவந்து சேர்த்தவர். ஒருநாள் அவர் பொதுவில் எழுதினார்.

"எங்க ஊருன்னு போட்டிருக்கே, எந்தச் செல்வி? எங்க ஊர்ல ஏழெட்டுச் செல்வி இருக்கு. தெருவச் சொன்னாத்தானே தெரியும்."

செல்வி பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். "கூச்சப்படாம சொல்லு தாயி." மூன்றாம் நாள் அண்ணாச்சி எனக்கே போன் செய்தார். "அட்மின் சார், விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? நாங்க எல்லாம் போட்டிருக்கோம்லா? அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு ரோஷம் வந்துவிடும். புகார்ப் பிரிவில் வளர்ந்தவன், பாரபட்சம் காட்டினான் என்ற பெயரை வாங்கவே மாட்டேன். செல்விக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

"பேரு போட்டிருக்கேன், ஊரு போட்டிருக்கேன். தெரு எதுக்கு சார்?"

"எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இதில் பயப்பட ஒன்றுமில்லை" என்று பதில் போட்டேன்.

"பயமில்ல சார்" என்று மட்டும் வந்தது.

இன்னும் இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. அதிலிருந்து நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பட்டனை அழுத்தினேன். போன் செய்யவில்லை. நோட்டில் எழுதிய குறிப்பு மேசை டிராயரிலேயே இருந்தது.

வெளியேற்றிய ஆளின் பழைய பதில்கள் நம் செயலியில் அழியாது. பெயர் மட்டும் போய்விடும். அந்த இடத்தில் 'நீக்கப்பட்ட உறுப்பினர்' என்று வந்துவிடும். ஒரு வாரம் கழித்து என் அடுத்த மேசையில் இருந்த பெண் தன் திரையை என் பக்கம் திருப்பினார். மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பத்துக்காரர், என்னைவிட இருபது வயது சின்னவர், இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறார். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். திரையில் யாரோ ஒரு விவசாயி எழுதியிருந்தார்: "நீக்கப்பட்ட உறுப்பினர் அவர்களுக்கு நன்றி. நீங்கள் சொன்னபடி செய்தேன், பயிர் பிழைத்தது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சார், இதையும் வாசிங்க" என்று வேறொரு பக்கத்தை எடுத்தார். ஒரே கேள்விக்கு இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். முதலில் சொன்னவருக்கு ஒரு நன்றிகூட இல்லை. அரை நாள் கழித்து அதையே திருப்பிச் சொன்னவருக்கு நன்றிமேல் நன்றி. "முதல் ஆளோட தெருவப் பாருங்க. ரெண்டாவது ஆளோட தெருவையும் பாருங்க."

பார்த்தேன். இரண்டு தெருவுக்கும் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் அசிங்கமாக இருந்தது.

"உண்மையச் சொல்லுங்க சார். ஒரு ஆளப் பாத்ததும் எந்தத் தெருன்னு கேக்குதீங்கள்லா, அவரு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது?"

நான் திரையைத் திரும்ப அவர் பக்கமே திருப்பிவிட்டேன்.

"எங்க ஆளுகளுக்குப் பேரே போதும் சார், தெரு வரைக்கும் போகவே வேண்டாம்" என்று அப்போதுதான் அவர் சிரித்தார்.

"அப்ப இத ஏன்மா விதி எழுதும்போதே சொல்லல?" என்று எரிந்து விழுந்தேன். தப்பு நம் பக்கம் இருக்கும்போதுதானே கோபம் நன்றாக வரும்.

"சொன்னேன் சார். 'தெரு கட்டாயம் வேணுமா'ன்னு கேட்டேன். 'போலி ஆளுக வரக்கூடாதுல்லா'ன்னு முடிச்சுட்டீங்க."

யோசித்துப் பார்த்தேன். கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலமே விதியை மாற்றினோம். தெரு போனது, ஏக்கர் போனது. எந்தக் கால்வாய்ப் பாசனம், என்ன பயிர் என்று மட்டும் கேட்டோம். பதில் சொல்கிறவர்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதான். கடை ஏஜெண்டுகளைத் தடுக்க, மருந்தின் கம்பெனிப் பெயர் போட்ட பதிவு எதுவும் நாம் பார்த்த பிறகே வெளியாகும் என்று வைத்தோம். தெருவைக் கேட்காமலே அவர்கள் அடங்கினார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் என் தெருவைச் சொல்வதில் எனக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை.

பிறகு செல்விக்குப் போன் செய்தேன். "தப்பு எங்க மேலதான்மா, விதிய மாத்திட்டோம், திரும்பச் சேத்துக்கிடுதோம்" என்றேன். "சரி சார். நான் வரல" என்று சொல்லி வைத்துவிட்டார். மனசு கேட்கவில்லை. திரும்பப் போன் போட்டு, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வாருங்கள் என்றார். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.

இனி வருவதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஊரில் இறங்கி நிழற்குடையில் நின்று அவருக்குப் போன் போட்டேன். "வந்துட்டேன்மா. வீடு எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

"அங்கனயே நில்லுங்க சார். நான் வாரேன்" என்றார்.

போனைப் பைக்குள் வைக்கும்போதுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவன், இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி அது.

கால் மணி நேரத்தில் சைக்கிளில் வந்தார். முப்பது வயது இருக்கும். முழங்கை வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. வயலில் இருந்து நேரே வந்திருக்கிறார். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவர் நிறுத்தினார்.

"நீங்க வழிதான் கேட்டீங்க சார், அது தெரியுது. இருந்தாலும் யார் கேட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்கு."

நிழற்குடைத் திண்டில் உட்கார்ந்தோம். அவர்தான் பேசினார். அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை. செல்வி சின்ன வயதில் இருந்தே நடவுக்கும் களைக்கும் போகிறவர். போன பிசான நெல் போகத்தில் அண்ணாச்சி வயலில் களை பறிக்கும்போது பயிர் ஒரு பக்கமாக மஞ்சள் தட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார்.

"அவருகிட்டயே சொன்னேன் சார். 'ஒன் வேலையப் பாரு'ன்னுட்டாரு. சாயந்தரம் அவரே நம்ம குரூப்புல படத்தப் போட்டு, என்ன செய்யன்னு கேக்குதாரு. நான் பறிச்ச வயலு, எனக்குத் தெரியாதா? எழுதினேன். அப்படியே செஞ்சாரு. பயிரு பிழைச்சுது. 'நன்றி தங்கச்சி'ன்னு போட்டாரு சார்."

அந்த 'தங்கச்சி'யைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஊர்ல என்கிட்ட ஒருத்தரும் யோசனை கேக்க மாட்டாங்க. அங்கன கேட்டாங்க. தெருவப் போட்டா அந்தத் தங்கச்சி போயிரும். அதான் போடல."

இனி யாரும் தெருவைக் கேட்க மாட்டார்கள், வாங்க என்று கெஞ்சினேன்.

"நாளைக்கு வந்தா, 'இவளத்தானே வெளிய தள்ளுனாங்க, எதுக்கு?'ன்னு பேச்சு வரும். அதுக்கும் அந்தத் தெருவைத்தான் சொல்லணும். வேண்டாம் சார். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நான் எழுதுன பதில எல்லாம் எடுத்துருங்க."

நான் திடுக்கிட்டுப்போனேன். "பிசான நடவு வருதேம்மா. எத்தனையோ பேர் அதத்தானே பாத்துச் செய்யுதாங்க. அது இருக்கட்டுமே."

"என் பதில் வேணும், நான் வேண்டாமா சார்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். திருநெல்வேலி பஸ் வந்தது. நான் ஏறினேன். பஸ் நகர்ந்த பிறகுதான் அவர் சைக்கிளை எடுத்தார். எந்தப் பக்கம் திரும்பினார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் கேட்டேன். சேரும்போது எல்லோரும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள், பதில்கள் நிறுவனத்தின் சொத்து, நல்ல பதில்களை எதற்கு அழிக்க வேண்டும் என்றார். காகிதப்படி அவர் சொன்னது சரி. நடவு நேரத்தில் விவசாயிகளுக்கு நஷ்டம் என்றார், அதுவும் சரி. நான் என் மேசைக்கு வந்து ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டு நாள் ஆனது. ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் அழித்தேன். பாதி புரியவில்லை எனக்கு, ஆனாலும் வாசித்தேன். மெமோ கொடுத்தார்கள், விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. நான் செய்தது சரியா என்று உங்களில் யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார், அதையும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் விதி எழுதும்போது ஒன்று செய்யுங்கள். இதற்குப் பதில் சொல்ல யாருக்குச் சிரமமாக இருக்கும் என்று பக்கத்து மேசையில் கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். சிவப்புப் பட்டனுக்கு முன் போன் செய்யுங்கள். ஒருவர் இரண்டு நினைவூட்டலுக்கும் பேசாமல் இருந்தால் அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன்.

அந்தப் பிசானத்தில் நடவு முடிந்து மூன்று வாரம் இருக்கும். அண்ணாச்சி தன் வயலைப் படம் எடுத்துப் போட்டார். இலை முழுக்கத் துருப் பிடித்தாற்போலப் புள்ளி, பயிர் வளராமல் குத்துக்குத்தாக நின்றது. ஆளுக்கு ஒரு மருந்தைச் சொன்னார்கள். அவருக்கு எதிலும் திருப்தி இல்லை.

"போன வருசம் ஒரு தங்கச்சி வயல நேர்ல பாத்த மாதிரி சொல்லிச்சே, பேரு மறந்துபோச்சு, அது எங்க? அது சொன்னாத்தான் செய்வேன். அட்மின் சார், அந்தத் தங்கச்சியக் கொஞ்சம் கூப்பிடுங்க."

அடுத்த மேசைப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதித் தப்பித்திருக்கலாம். அப்படி ஒரு வரியை அடிக்கவும் செய்தேன், அழித்தேன். பிறகு இதை எழுதினேன்:

"அவரை நான்தான் வெளியேற்றினேன். தெருப் பெயரைச் சொல்லவில்லை என்பதற்காக. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. சொல்லச் சொல்லி நெருக்கியவர்களுக்கும் இல்லை. அவர் இனி வரமாட்டார்."

அண்ணாச்சி பார்த்துவிட்டார் என்று குறி விழுந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் வந்தது. வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றுபோனது. அந்தப் படத்துக்குக் கீழே இன்றுவரை சரியான பதில் இல்லை.